டோலிக்காரர் பங்கு

சிவமயம்
சேந்தமங்கலம், 20-6-1938

அன்பிற்குரிய அண்ணாமலைக் கவுண்டர் அவர்களுக்கு அடிவாரத்து நாச்சிமுத்து எழுதுவது. ஈசனருளால் இங்கு மழைக்கும் மக்களுக்கும் குறைவில்லை. அங்கும் அவ்வாறே ஆகுக.

நம் கோயில் வயலைத் தன்னுடையதென்று இவ்வூர் வியாபாரி ஒருவர் தொடுத்த வழக்கு மார்கழியில் விசாரணைக்கு வருகிறது. இவ்வாண்டுக் கோயில் மிளகு முழுவதையும் நம் வக்கீல் தம் கட்டணமாகக் கேட்கிறார். தாங்களோ, காப்பித் தோட்டக் கூலிக்குப் போய்விட்ட டோலிக்காரரை அம்மிளகைக் கொடுத்துத் திருப்பி அழைக்கலாமா என்கிறீர்கள். நோயாளியை மூங்கிலில் தொட்டில் கட்டி மலையிறக்குவது புண்ணியந்தான். ஆயினும் தோள் எல்லோருக்கும் உண்டு. சட்டம் படித்தவர் எத்தனை பேர்? கூலியாளாக வந்து மண் சுமந்த பெருமானே உதிர்ந்த பிட்டைத்தானே கூலியாகக் கொண்டார்?

ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன். மூட்டைகளைக் கட்டி வையுங்கள்.

அன்புள்ள,
நாச்சிமுத்து

சிவமயம்
அரியூர் நாடு, 1-7-1938

நண்பர் நாச்சிமுத்து அவர்களுக்கு வணக்கம். தாங்கள் அனுப்பிய விபூதி வந்தது.

பிட்டுக் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்று அக்கிழவி அவித்த பிட்டு அனைத்தும் உதிர்ந்தது. கூலியாள் முழுவதையும் பெற்றான். எங்கள் களத்திலோ பூசாரிக்கும் கொல்லருக்கும் சாமை அளந்து முடித்தபின், தரையைக் கூட்டி மண்ணோடு வருவதையே டோலிக்காரருக்கு இடுகிறோம்.

காப்பித் தோட்டத்துக்குப் புறப்பட்ட நாளில் டோலிக்காரன் சின்னராசு கேட்டான்: "ஏனுங்க, உசுரத் தூக்கிட்டு எறங்கறவனுக்குக் களத்து மண்ணு, காயிதத்தத் தூக்கிட்டு நடக்கறவருக்கு மொளகு மூட்டையாங்க?"

அதை அப்படியே எங்கள் நாட்டுக் கூட்டத்தில் வைத்தேன். ஆயினும் வழக்கத்தை மாற்ற நாட்டார் இசையவில்லை. மூட்டைகள் கோயிலிலேயே உள்ளன.

தங்கள்,
அண்ணாமலை

சிவமயம்
சேந்தமங்கலம், 5-9-1938

கவுண்டர் அவர்களுக்கு,

காய்ச்சல் நீங்கி எழுதும் முதற்கடிதம் இது. திருவிழாவுக்கு வந்த இடத்தில் விழுந்த என்னை இறக்க டோலிக்காரர் ஒருவரும் இல்லாமற்போனதும், தாங்களும் தங்கள் தம்பி காளியண்ணனும் மூங்கிலைத் தோளில் ஏற்றியதும் கனவுபோல் இருக்கின்றன. செங்குத்துப் பாறையில் தாங்கள் சொன்னது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது: "அசையாதீங்க சாமி, நாம மூணு பேரும் உருண்டா வக்கீலு ஒருத்தருதான் மிஞ்சுவாரு!"

ஊர்க்கவுண்டர் தோளில் தழும்பு விழச் செய்துவிட்டேன். சுமந்ததற்கு உரிய கூலி எவ்வளவு? கூசாமல் எழுதுங்கள். மிளகையும் மறவாதீர்கள், வக்கீல் நெருக்குகிறார்.

நன்றியுடன்,
நாச்சிமுத்து

சிவமயம்
அரியூர் நாடு, 2-12-1938

நண்பர் அவர்களுக்கு,

சாமை அடித்து முடிந்தது. களத்தில் முதற்பங்கு ஊர்க்கவுண்டனுக்கு. அதை நான் வாங்கவில்லை. தம்பியும் நானும் கடைசியில் போய் நின்றோம். களம் கூட்டிய கண்ணாயி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீங்க எதுக்குங்க இங்க நிக்கறீங்க?"

"டோலி தூக்குனவன் வேற எங்க நிக்கறது கண்ணு? கூட்டிப் போடு."

கூட்டிப் போட்டாள். நாட்டார் அனைவரும் அதைப் பார்த்தனர். மறுநாள் கூடி, டோலிக்காரருக்கு இனிப் பூசாரியோடு அளப்பதென்றும், மிளகை அவர்களுக்கே கொடுப்பதென்றும் தீர்மானித்தனர். சின்னராசு திரும்பிவிட்டான். வயல் கைவிட்டுப் போகலாம். அவ்வாறாயின் அக்குற்றம் என்னுடையது.

கூலி எவ்வளவு என்று கேட்டீர்கள். என் முறத்தில் விழுந்ததைத் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். மண் நீக்கவில்லை.

தங்கள்,
அண்ணாமலை

சிவமயம்
சேந்தமங்கலம், 20-12-1938

கவுண்டர் அவர்களுக்கு,

முடிச்சு வந்தது. என் மனைவி செல்லாத்தாள் நெடுநேரம் புடைத்தாள்; ஒரு பிடி தேறியது. அதைப் பொங்கி ஈசனுக்குப் படைத்து உண்டோம். பல்லில் மண் நறநறத்தது.

மிளகு இல்லையென்றதும் வக்கீல் வழக்குக் காகிதக் கட்டைத் திருப்பித் தந்துவிட்டார். விசாரணையன்று கோர்ட்டில் நானே நின்று, தெரிந்ததைச் சொல்லப்போகிறேன். வயலைப் பற்றி அஞ்சுகிறேன். மிளகைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

அன்புள்ள,
நாச்சிமுத்து