ஆறாம் படிவமும் ஐந்தாம் பத்தியும்

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தாம் படிவ மாணவி தர்ஷினி நேற்று மாலை பள்ளி விடுதியை விட்டுப் போய்விட்டாள். அப்பா வந்து அழைத்துப் போயிருக்கிறார். சொன்னது வார்டன். உறுதிப்படுத்தியது பள்ளி முதல்வர், இன்று காலை 9.10, தொலைபேசியில். காரணம் கேட்டேன். "நீங்க எழுதுன செய்திதான்மா," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

புகைமூட்டம். ஈப்போ மலைகள் எதுவும் தெரியவில்லை. முட்டி வலி.

நடந்தது வரிசையாக:

– பெண்கள் பள்ளி. ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைவு. பல குடும்பங்கள் கோலாலம்பூர்ப் பக்கம் போயாச்சு. மேல்மாடி வகுப்புகள் பூட்டிக் கிடக்கின்றன.

– ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஆறாம் படிவம் தொடங்க மாநிலக் கல்வி இலாகாவுக்கு விண்ணப்பம். கிடைத்தால் ஆறாம் படிவத்தில் மட்டும் பையன்களும் வருவார்கள், வேறு சில பெண்கள் பள்ளிகளில் இருப்பதுபோல. ஒன்று முதல் ஐந்து வரை எப்போதும்போல் பெண்கள் மட்டும்.

– அனுமதி இன்னும் வரவில்லை.

ஞாயிறு பத்திரிகையில் தலைப்பு: 'பெண்கள் பள்ளிக்குள் ஆண் மாணவர்கள்!' ஆச்சரியக்குறி என்னுடையது இல்லை. 'ஆறாம் படிவத்தில் மட்டும்' என்பது ஐந்தாம் பத்தியில் இருந்தது. கல்யாண மண்டப விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்ததில் ஐந்தாம் பத்தி போய்விட்டது.

தலைப்பு போட்டது செய்தி ஆசிரியர் பாலா. அந்த வரியை ஐந்தாம் பத்தியில் வைத்தது நான். அதற்கு மேலே என்ன எழுதியிருந்தேன்? பள்ளியின் வழக்கங்கள். ஆண்டின் முதல் திங்கட்கிழமை ஐந்தாம் படிவப் பிள்ளைகள் புதுப் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவது. வெள்ளிக்கிழமை சபை. மூன்று பத்தி. நன்றாக வந்திருப்பதாக நினைப்பு வேறு. இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். முப்பத்தொரு வருடமாகப் புது நிருபர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதுதான்.

பாலாவோடு பத்து நிமிடம்.

"அக்கா, பையனுங்க வர்றாங்களா இல்லையா?"

"வரலாம். ஆறாம் படிவத்துல."

"அப்ப தலைப்பு பொய்யா?"

"பொய் இல்ல. முழுசா இல்ல."

"எந்தத் தலைப்பு முழுசா இருக்கு லா? சரி, விளக்கம் அனுப்புங்க. சின்னதா."

ஜூலை 9, புதன்

விளக்கம் வந்தது. பதினான்காம் பக்கம், நினைவஞ்சலிகளுக்கு நடுவில், நான்கு வரி. இறந்துபோன ஒருவருடைய மீசை என் முதல் வரியில் இடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப் புலனத்தில் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்று எனக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்தது. விளக்கத்தை ஒருவரும் படம் எடுக்கவில்லை. நான் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் குறி. அதுவும் தம்பி மனைவி.

பழைய மாணவியர் சங்கத்து அம்மா ஒருவர் அழைத்தார். "ஆம்பள பசங்க வந்துட்டா அப்பறம் என்னா கேர்ள்ஸ் ஸ்கூலு? போர்ட கழட்டிற வேண்டியதுதான்." அவர் பேத்தி எங்கே படிக்கிறாள் என்று கேட்டேன். தனியார் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து.

முதல்வரிடம் மறுபடி. விடுதியில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. சரியான காரணம் இல்லாமல் ஒரு வாரம் வராவிட்டால் கட்டில் அடுத்த பிள்ளைக்கு. தர்ஷினிக்குத் திங்கள் மாலை ஐந்து மணி வரை. நவம்பரில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு, எஸ்.பி.எம். வீட்டிலிருந்து தினமும் ஈப்போ வந்து போக முடியாத தூரம். பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாமே என்றேன். "அது கலப்புப் பள்ளி. அவ அப்பா அனுப்ப மாட்டாரு. அதனாலதானே ஒண்ணாம் படிவத்துலேயே இங்க கொண்டாந்து விட்டாரு."

ஆக, திங்களோடு படிப்பு நின்றாலும் நிற்கலாம். என் ஐந்தாம் பத்தியால்.

தர்ஷினியின் அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை. நான்கு முறை. நாளை நேரில்.

ஜூலை 10, வியாழன்

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். சிம்பாங் பூலாயில் பசியாறினேன். சிலிம் ரிவர் தாண்டி தோட்டத்துக்குள்ளே இருபது நிமிடம். ரப்பர் மரம் போய் எல்லாம் செம்பனை, எண்ணெய்ப் பனை. தொழிலாளர் லயத்தில் ஏழெட்டு வீடுகளில்தான் ஆள்.

தர்ஷினியின் அப்பா மணியம். செம்பனை ஆலையில் ஜாகா, வாசலில் காவல். பிற்பகல் வேலை. சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"நீங்கதானே எழுதுனது?"

"நான்தான்ணே."

"பொய்யா எழுதுனீங்களா?"

"இல்ல. பாதிதான் வந்துச்சு."

"மீதி எங்க?"

விளக்கம் வந்த பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அது பெருசா இருந்துச்சே. இது என்னா இவ்ளோ சின்னதா இருக்கு?"

வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

ஆலையில் கேலி செய்கிறார்களாம். "'என்னா மச்சான், ஒன் மக தங்குற எடத்துல பையனுங்களும் தங்கப் போறாங்களாமே'ன்னு கேக்குறானுங்க. நான் ஆலை கேட்டுல நிக்கிறவன் அக்கா. உள்ள போற ஒவ்வொருத்தனும் கேட்டுட்டுத்தான் போறான்."

தங்கப் போவதில்லை, விடுதி பெண்களுக்கு மட்டும்தான் என்றேன். "அத அவனுங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

தர்ஷினி கதவோரம். கையில் வேதியியல் புத்தகம், விரல் பக்கத்துக்கு நடுவில். மூன்று நாளாக வெளியே விடவில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

"பஸ்ஸுல பையனுங்க இல்லையாப்பா? கிளினிக்ல? கோயில்ல?"

"அங்கெல்லாம் ராத்திரி படுக்குறியா நீ? வாய மூடு."

பிறகு என்னிடம், "இந்த ஆறாம் படிவம் வேணும்னு யாரு அக்கா கேட்டா? எவன் வேல இது?"

எனக்கு விடை தெரியும். போன மாதம் முதல்வர் அறையில், ஆறாம் படிவம் கேட்டுப் பிள்ளைகள் கொடுத்த மனுவைப் படித்தேன். பதினொரு மாணவிகள். முதல் கையெழுத்து யாருடையது என்பதும் தெரியும். எஸ்.பி.எம். முடிந்ததும் வேறு எங்கும் அனுப்ப மாட்டார் அப்பா, இதே பள்ளியில் ஆறாம் படிவம் இருந்தால் மட்டும் விடுவார் என்று எழுதியிருந்தாள்.

"பள்ளிதான் விண்ணப்பிச்சுது," என்றேன்.

உண்மைதான். தவறில்லாத வாக்கியம். பாலா போட்ட தலைப்பைப் போல.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். "ஆண்ட்டி, முழுசா சொல்லுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நான்தாம்பா கேட்டேன். மொத கையெழுத்து என்னோடது. மேல படிக்கணும். வேற எங்கயும் விட மாட்டீங்க. அதான் படிப்பே அங்க வரட்டும்னு கேட்டோம்."

மணியம் மேல் பித்தானைத் தப்பான ஓட்டையில் போட்டார், கழற்றித் திரும்பப் போட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக் கிளம்பினார். வேலைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அம்மா தேநீர் கொடுத்தார். ஆறிப்போன பிறகு குடித்தேன்.

திரும்பும் வழியெல்லாம் எரிச்சல். பாலா மேல் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பாலாவிடம் கேட்டேன்: அதே பக்கம், அதே அளவு, புதுச் செய்தி. "அதுக்கு புதுசா ஏதாவது நடக்கணும்லா அக்கா." இலாகாவில் கேட்டேன். "இன்னும் பரிசீலனையில்." அதிகாரி பெயர் சொல்லக் கூடாதாம். மனுவைப் பற்றி எழுதலாமா என்று முதல்வரைக் கேட்டேன். பிள்ளைகள் பெயர் வரக் கூடாது என்றார். பெயரில்லாமல் எழுதினாலும் ஆலை வாசலில் அது யாரென்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகாது. எழுதவில்லை.

வேறு: கார் டயர். மின் கட்டணம். முட்டிக்குத் தைலம்.

ஜூலை 13, ஞாயிறு

காலை 10.40. மணியம் அழைத்தார், அவராகவே. வணக்கம்கூட இல்லை.

"அந்த ஆறாம் படிவக் கட்டடத்துக்கும் விடுதிக்கும் நடுவுல வேலி இருக்கா?"

தெரியவில்லை என்றேன்.

"கேட் எத்தன? ராத்திரி சாவி யாருகிட்ட? ஜாகா ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

ஒன்றுமே தெரியவில்லை. மூன்று பத்தி வழக்கங்களை விசாரித்து எழுதியவளுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"என்னாக்கா, ரிப்போர்ட்டருன்றீங்க," என்றார். அவர் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். சின்னச் சிரிப்பு.

முதல்வரை அழைத்தேன். வேலி இல்லை. சாவி விஷயம் யாரும் முடிவு செய்யவில்லை. "அவர நேர்ல வரச் சொல்லுங்க. சுத்திக் காட்டுறேன். எங்க வேலி போடணும்னு அவரே சொல்லட்டும்."

சொன்னேன். நாளை காலை பத்து மணிக்கு வருகிறார். தர்ஷினியும் வருகிறாளா என்று கேட்டேன்.

"ஆளக் கூட்டிட்டு வாரேன். துணிப்பெட்டி வீட்டுல இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

கட்டில்: நாளை மாலை ஐந்து வரை. இலாகாவின் பதில்: மாதக் கடைசிக்குள் என்கிறார் பெயர் சொல்லாத அதிகாரி.