வாய் திறக்காமல் ஊட்டியது

மார்ச் 4

என் வாண்டு,

நீ பாறையில் ஏறி எடுத்து வந்த கழுகு முட்டை பொரிந்துவிட்டது. பார்க்க நீதான் இல்லை. பாழும் காய்ச்சல் அதுவரைக்கும்கூட உன்னை விட்டுவைக்கவில்லை.

இந்த ஜாதிக் கழுகை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாமாம். கூட்டிலேயே விட்டிருந்தால் மூத்த குஞ்சு இதைக் கொத்தியே கொன்றிருக்கும், தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. நீ வேலை பார்த்த பறவைக் காப்பகத்து டாக்டரம்மாவும் அதையே சொல்கிறார்.

அங்கே ஆள் பற்றாமல், அடுப்படியில் கிடந்த என்னையே அதற்கு ஊட்டச் சொல்லிவிட்டார்கள். கழுகுத் தலை மாதிரி நீ தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று எலிக் கறியை நீட்டுகிறேன்.

"அக்கா, சத்தமே வரக்கூடாது. மனுஷக் குரலுக்குப் பழகிட்டா ஆயுசுக்கும் கூண்டுதான்" என்றார் டாக்டரம்மா.

காவலாளி சும்மா இருப்பானா? "உங்க வாய்க்குப் பூட்டுப் போட ஒரு கழுகே வரவேண்டியிருந்துச்சு பாத்தீங்களா!"

உனக்கு ஒரு வாய் சோறு ஊட்ட ஒன்பது கதை சொன்னவள் நான். பேசாமல் எப்படியடி ஊட்டுவது?

உன் அம்மா

ஏப்ரல் 20

வாண்டு,

வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து இறகு முளைக்கிறது. கறியை வாங்குமுன் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கிறது, திருட்டுக் கழுதை.

இன்று கையுறைக்குள் நீ விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி தட்டுப்பட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கறி துடைக்கிற துணியை வாயில் அடைத்துக்கொண்டேன். கை மட்டும் ஊட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டிலும் இப்போது பேச்சு வருவதில்லை. "என்கிட்டயுமா பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க?" என்று அப்பா கேட்கிறார்.

உன் அம்மா

ஜூன் 12

வாண்டு,

இன்று குன்றின்மேல் அதைத் திறந்துவிட்டார்கள். பாறையில் போய் உட்கார்ந்தது. மனுஷக் குரலுக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க, பின்னாலிருந்து யாராவது கூப்பிட வேண்டும். குரலுக்குத் திரும்பி வந்தால் பழையபடி கூண்டு.

"நீங்கதானே ஊட்டினீங்க, நீங்களே கூப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

"என்னன்னும்மா கூப்பிடறது? அதுக்குப் பேரே வைக்கலையே."

"வாய்க்கு வந்ததைக் கூப்பிடுங்கக்கா."

வாய்க்கு வந்தது உன் பேர்தான். "வாண்டு! ஏய் வாண்டு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நீ போனதிலிருந்து வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மலை திருப்பிச் சொன்னது.

கழுகு திரும்பவில்லை. சிறகை விரித்துப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால்தான் என்ன என்று பாழும் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குக் கேட்காததே நல்லது. உனக்காவது கேட்டதா, கண்ணு?