விசில் அடிக்காத குக்கர்

என் சத்தக்கார அம்மாவுக்கு,

அலமாரி மேல் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாயே, அந்தக் கரண்ட் குக்கர், அதை எடுத்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தாய். கோபப்படாதே. கல்யாணம் இப்போதைக்கு இல்லை. பசிதான் இருக்கிறது. அதுவும் அப்பாவுடைய பசி.

ஓணத்துக்கு மூணாறு டவுன் மளிகைக் கடையில் குலுக்கல் போட்டபோது உனக்கு விழுந்த பரிசு அது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினாய். எஸ்டேட் லயத்தில் வரிசையாக உள்ள அத்தனை வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினாய். பிறகு கட்டி மேலே போட்டுவிட்டாய். ஒருநாள் வெளியே எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? இங்க பல்பே அழுதுக்கிட்டுதான் எரியுது. இது உன் மாப்பிள்ள வீட்டுக்குப் போகட்டும்" என்றாய். கரண்ட் ஒழுங்காக வருகிற வீட்டுக்கு நான் போய்விடுவேன் என்று நம்பினாய். எனக்கு அப்போதே அந்த நம்பிக்கை இல்லை.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். நீ போய் ஒரு வருஷமாகி உனக்குச் சாமி கும்பிடுவதற்குள் கண்டுபிடித்தார்கள். தேனி பெரியாஸ்பத்திரியில் கட்டியைக் கருக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், நம் ஆட்கள் கரண்ட் வைக்கிறது என்பார்களே, அது. டாக்டர் முதலில் கேட்டது, "புகையிலை போடுவீங்களா?" அப்பா தலையாட்டினார். டாக்டர் எழுதிக்கொண்டார். "தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை சார், மூஞ்சில ஒரு துணிகூடக் கட்டினதில்ல" என்று நான் சொன்னேன். அதை அவர் எழுதவில்லை. இரண்டில் எது காரணம் என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர்கள் தாளில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது, அது அப்பா செய்த தப்புக்கான இடம்.

இப்போது கட்டி சுருங்கிவிட்டது என்கிறார்கள். தொண்டை வெந்து கிடக்கிறது. சோறு இறங்காது, இட்லி இறங்காது. தண்ணீராக, வழவழப்பாக, மிதமான சூட்டில் இருந்தால்தான் போகும். போன தடவை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அடுத்து வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்களாம். அப்பாவுக்குக் குரல் போய்விட்டது, காற்றுதான் வருகிறது. அந்தக் காற்றில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றையே சொன்னார்: "குழாய் வேணாந் தாயி. வாய் வழியாப் போறது போகட்டும்."

அதற்காகத்தான் குக்கரை இறக்கினேன்.

உனக்குத் தெரியாத சமையலெல்லாம் செய்கிறேன் அம்மா. வட்டவடை கேரட், நாலு பல் பூண்டு, லயத்துக்குப் பின்னால் நீ நட்ட கொடியில் காய்க்கிற சௌசௌ, ஒரு பிடி பாசிப்பருப்பு. எல்லாவற்றையும் வேக வைத்து, மத்தால் கடைந்து, வடிகட்டியில் தேய்த்து எடுப்பேன். மிளகாய் இல்லை, புளி இல்லை. தக்காளி போட்டால் எரிகிறது என்கிறார். பீட்ரூட் போட்ட அன்று கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். ஆஸ்பத்திரியில் துப்பியதெல்லாம் அந்த நிறம்தான். அப்புறம் பீட்ரூட் வாங்குவதில்லை. பரங்கிக்காய் சூப் பிடிக்கிறது. நேந்திரம்பழத்தை வேக வைத்துப் பாலில் கரைத்தால் பாதியாவது போகும். காந்தளூர்ப் பேரிக்காய் இருக்கிறதே, கல்லு மாதிரி, நீ "இத நாய்க்கு எறியலாம்" என்பாயே, அதைத் தோல் சீவிக் குக்கரில் போட்டால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது. அப்பாவுக்கு இப்போது அதுதான் உயிர்.

விறகடுப்பைப் பற்ற வைத்தால் புகையில் இருமி இருமி ரத்தம் வருகிறது. கேஸ் அடுப்பை அவர் கையில் விட்டுவிட்டுப் போக எனக்குப் பயம், அவருக்குத் தலைசுற்றல் இருக்கிறது. காலையில் நானே வேக வைத்து பிளாஸ்கில் ஊற்றிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் சூப் கட்டியாகிவிடும், முதல் வாயிலேயே புரையேறும். அதனால் கரண்ட் குக்கர். பட்டனை அழுத்தினால் போதும், அதுவே நின்றுவிடும்.

ஆனால் கரண்ட் வேண்டுமே. நீ சொன்ன அழுகிற பல்பு இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறது. சாயந்திரம் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, தண்ணீர் சுட வைக்கிற கம்பி என்று போட்டால், குக்கரில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். மூடியில் இருக்கும் ஊசி எழும்பவே எழும்பாது. ஒருநாள் எழும்பியது, அடுத்த நிமிஷம் வரிசை முழுக்க பியூஸ் போனது. பத்தாவது படிக்கிற பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவள் அப்பா வெளியே வந்து எங்கள் கதவைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

எஸ்டேட் ஆபீசுக்குப் போய் வயரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். பழைய வயர், இத்தனை வீட்டுக்குத் தாங்காது என்று சொன்னேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் மலையாளம் கலந்து பேசினார்.

"மோளே, அபேட்ச எழுதிக் கொடுத்துட்டுப் போ. சரியாக்காம்."

"போன மாசமே மனு எழுதிக் கொடுத்தேன் சார்."

"அப்போ சரியாக்காம்."

"எப்போ சார்?"

"லயத்துல கரண்ட் குக்கர் வைக்கிறதே தெற்றாணு, தப்பு. அத நான் கண்டுக்கல. அது போதாதா?"

அந்த ஆபீசுக்கு மேலே பங்களாவில் விருந்தாளிகளுக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர் எரிகிறது அம்மா. அதே மலைதான். கம்பிகூட நம் லயத்துக்குத் தலைக்கு மேல்தான் போகிறது. வீடு நம்முடையதாக இருந்தால் நாமே வயர் மாற்றியிருப்போம். அப்பா பெயர் வேலையில் இருக்கும் வரைதான் இந்தக் கூரையும். யாரிடம் போய்க் கத்துவது? உனக்காவது கத்தத் தெரியும்.

எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போன பிறகு கரண்ட் நன்றாக வரும். ஆனால் அந்த நேரம் நான் டவுனில் கடையில் நின்றுகொண்டு டூரிஸ்டுகளுக்கு ஏலக்காய் விற்கிறேன். ஆகவே அப்பாதான் செய்ய வேண்டும். காயை நறுக்கி, தண்ணீர் ஊற்றி, மூடியைப் பூட்டி வைத்துவிட்டுப் போவேன். பட்டன் மேல் உன் நெற்றிப் பொட்டு ஒன்றை ஒட்டினேன். "இதத்தான் அழுத்தணும். முடிஞ்சா கீக் கீக்குன்னு சத்தம் வரும்" என்று செய்து காட்டினேன். தலையாட்டினார். கரண்ட் வைத்ததிலிருந்து ஒரு காது அடைத்திருக்கிறது. நான் சொன்னதில் பாதிதான் அவருக்குள் போயிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நம் லயத்தில் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் நூறு வயசு என்பார்கள். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போகிறவளுக்கு, வீட்டில் இருக்கிறவள்தான் விசில் எண்ணிச் சொல்ல வேண்டும். காய்ச்சல் லீவில் இருக்கும்போதுகூட அந்த வேலையை நீதான் எடுத்துக்கொண்டாய். "ஏ பஞ்சவர்ணம், உன் பருப்பு நாலு ஆச்சு. அஞ்சாவதுக்கு விட்டா கஞ்சிதான்" என்று நீ போடும் சத்தம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கேட்கும். நீ போன பிறகு மறுபக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அத்தைதான் எண்ணுகிறாள். அவளுக்கு உன் தொண்டை கிடையாது.

அன்றைக்கு அத்தை முழங்கால் வலி என்று லீவு. போகும்போது சொல்லிவிட்டுப் போனேன்: "அத்தே, அப்பாவ ஒரு காது கேட்டுக்கோங்க." அதுதான் வினையாகப் போயிற்று.

சாயந்திரம் வந்து பார்க்கிறேன், அப்பா குக்கருக்கு எதிரே பலகையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கிண்ணம், கையில் கரண்டி. கிண்ணம் காய்ந்திருந்தது. காலைக் கஞ்சிக்குப் பிறகு ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. ஒரு கையை விரித்துக் காட்டினார்: இன்னும் ஆகவில்லை என்று.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை குரல்: "வந்துட்டியாட்டி? உங்க குக்கர் ரிப்பேரு. மத்தியானத்துலருந்து நானும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன், ஒரு விசில் வரல. 'இன்னும் வரலண்ணே, பொறுங்க'ன்னு நாந்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"அத்தே, அது விசிலடிக்காது."



"அடிக்காதுன்னா?"

"கரண்ட் குக்கரு அத்தே. வெந்தா கீக் கீக்குன்னு கத்தும்."

"அட பாவி. அது இதுவா? யாருக்கோ போன் வந்துக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்குறாகன்னுல நெனச்சேன். விசிலில்லாம எப்படிட்டி மனுசருக்குத் தெரியும்?"

விசில் வராததால், வேகவில்லை என்று அப்பா மறுபடி மறுபடி பொட்டை அழுத்தியிருக்கிறார். மத்தியானம் முழுக்க அந்தக் குக்கர் வெந்துவிட்டது, வெந்துவிட்டது என்று கத்தியிருக்கிறது. பசித்த மனுஷன் சூப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து, உன் வீட்டு வழக்கப்படி, விசிலுக்குக் காத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அத்தை அழுதுகொண்டே கதவுக்கு வந்தாள். அவளைத் திட்டவா?

மூடியைத் திறந்தேன். கேரட்டும் சௌசௌவும் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாம் கரைந்து பழுப்பாய், கூழ் மாதிரி. வீணாகப் போனது என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லாததால் வெந்நீர் விட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அப்பா ஒரு கரண்டி விழுங்கினார். இருமவில்லை. இன்னொரு கரண்டி. கிண்ணம் முழுக்க. நோய் வந்த பிறகு அவர் இருமாமல் குடித்து முடித்தது அதுதான் முதல் தடவை. நான் அளவு பார்த்து, நேரம் பார்த்து வைத்ததெல்லாம் அவருக்கு வேகவே இல்லை அம்மா. இந்த உயரத்தில் உனக்குப் பருப்பு வேகாத மாதிரி. தவறிப்போய்த்தான் சரியாக வெந்தது.

இப்போது வேண்டுமென்றே இரண்டு தடவை போடச் சொல்லியிருக்கிறேன். பாக்டரி மத்தியானச் சங்கு ஊதினால் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. காலமெல்லாம் அந்தச் சங்குக்கு வேலைக்கு ஓடிய மனுஷன், சங்கு கேட்டு முதல் முறையாகச் சாப்பிட உட்கார்ந்தார். கொஞ்ச நாள்தான். உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிட்டது. கொழுந்து இல்லாத நாளில் பாக்டரி இல்லை, சங்கும் இல்லை.

சங்கு இல்லாத நாளில் பஞ்சவர்ணம் அத்தை கத்துகிறாள். கொழுந்து இல்லாததால் அவள் இப்போது களையெடுக்கிற தேயிலைக் காடு லயத்துக்கு நேர் மேலே. சாப்பாட்டு நேரத்தில் பாறை மேல் ஏறி நின்று, "அண்ணே, வெந்துருச்சு, தெறங்க" என்று கத்துவாளாம். சூப்பர்வைசர், "யாருக்கு வெந்துருச்சு?" என்று கேட்டதற்கு, "எங்கண்ணனுக்கு. நீங்களும் வேணா வாங்க" என்றாளாம். காற்று எதிர்ப் பக்கம் அடித்தால் அப்பாவுக்குக் கேட்பதில்லை. அன்று கிண்ணம் மறுபடி காய்ந்து கிடக்கிறது.

நேற்று எஸ்டேட் ஆஸ்பத்திரித் தராசில் அப்பாவை நிறுத்தினேன். முள்ளை அவர் பார்க்காதபடி குறுக்கே நின்றுகொண்டேன். "ஏறியிருக்கா?" என்று காற்றில் கேட்டார். "அப்படியேதான் இருக்குப்பா" என்றேன். இறங்கியிருக்கிறது அம்மா. நிறைய இல்லை. அந்த டாக்டருக்கு இது நிறையவா, கொஞ்சமா? வயர் நன்றாக இருந்திருந்தால் இறங்கியிருக்காதா? குழாய்தான் நல்லதோ, அவர் வேண்டாம் என்பதற்காக நான் அவரைப் பட்டினி போடுகிறேனோ? உன்னிடம் கேட்டால் எதையாவது உரக்கச் சொல்வாய். சரியோ தப்போ, சொல்வாய்.

நாளைக்கு ஜீப்பில் தேனி போகிறோம். போடிமெட்டு இறக்கத்தில் அந்த வளைவு வரும். காய்ச்சலோடு உன்னை ஏற்றிக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் கீழே தெரிகிற இடத்தில், என் மடியில் நீ அமைதியாகிப்போன வளைவு. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அந்த வளைவுக்கு நாம் போயிருக்கவே மாட்டோம். ஒவ்வொரு தடவையும் அங்கே அப்பா கண்ணை மூடிக்கொள்வார். நான் வெளியே பார்ப்பேன்.

காந்தளூர்ப் பேரிக்காய் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். விடியும் முன்னால், யாரும் எழுந்து விளக்குப் போடுவதற்குள், இரண்டு தடவை வேக வைத்துச் சின்னத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொள்வேன். பேரிக்காய் கட்டியாகாது.

குழாய் வைக்க விட மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய முடியவில்லை. அது என் கையில் இல்லை. என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நாளைக்கு அந்த வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்வேன். தூக்கைத் திறந்து, அப்பாவின் கேட்கிற காதுப் பக்கம் குனிந்து, "அப்பா, வெந்துருச்சு" என்று உன்னைப் போலவே உரக்கச் சொல்வேன். வாய் வழியாக அவர் விழுங்குவதை நீ இருந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

கத்தப் பழகிக்கொண்டிருக்கும் உன் மகள்,
ரேவதி