தாயம் போட்டுத் தோற்ற கதை

சோலைமேடு எஸ்டேட்,
தேவிகுளம்.
23-11-75

அன்பு மகள் வேலுத்தாய்க்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, பசு, அது போன மாதம் ஈன்ற கிடாரிக் கன்று எல்லோரும் சுகம். அங்கே பிலாயில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பது எனக்குத் தெரியும். நீ எழுதும் கடிதங்களை உன் அம்மா அடுப்படியில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி படிக்கிறாள், நான் காதைப் பொத்திக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, அதனால் கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு யுத்தத்தில் தோற்றுவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மழை நின்று பனி இறங்கிவிட்டது, காலையில் பைப்பைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. அங்கேயும் குளிர் காலம் ஆரம்பித்திருக்கும், வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்காதே. பப்பாளி பக்கம் போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். நீ தலைப்பிரசவத்துக்கு இங்கே வரலாமா என்று கேட்டு எழுதியிருந்த கடிதத்தையும் அவள் அடுப்படியில் படித்தாள், அன்றைக்கு இரண்டு தடவை படித்தாள். பிலாயில் பக்கத்து வீட்டு இந்திக்கார அம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள், ஆனாலும் பயமாக இருக்கிறது என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தாள். ஏழாம் மாதம் முடிவதற்குள் நீ வந்து சேர வேண்டும், எட்டில் பிரயாணம் ஆகாது என்பது அவள் கணக்கு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. பெண்ணைப் பெற்றவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து எடுத்துக்கொண்டு போய், பிள்ளையைப் பேறுகாலத்துக்கு அனுப்பி வையுங்கள் என்று சம்பந்தியிடம் கேட்க வேண்டும், அவர் தட்டை வாங்க வேண்டும். சம்பந்தி யார்? நம் பாக்டரி டீ மேக்கர் ஏசுரத்தினம். அவரிடம் நான் போய்க் கேட்பதா? சொல்லாமல் கொள்ளாமல் என் மகளை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போனது அவர் பையன் ஆசீர்வாதம், ஆகவே அவர்தான் முதலில் வந்து ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பது என் கட்சி. வேதக்கார வீட்டுப் பையன் மாதா கோயில் கல்யாணம் இல்லாமல் போனதற்கு ஹெட் கிளார்க் மகள்தான் காரணம், பெண்ணைப் பெற்றவன்தான் படியேறி வர வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் தாயம் ஆடாத வாரம் கிடையாது, உனக்கே தெரியும். நீ போன பிறகு பேச்சு நின்றது. ஆபீசுக்கும் பாக்டரிக்கும் நடுவே ஒரு சுவர்தான், ஆனாலும் டீத்தூள் எத்தனை பெட்டி என்று நான் எழுதிக் கேட்பேன், அவர் எழுதிப் பதில் அனுப்புவார். இரண்டு பேரில் யார் தும்மினாலும் அடுத்தவருக்குக் கேட்கும். உன் அம்மாவும் உன் மாமியார் செபமாலையம்மாளும் மட்டும் சந்தைக்குச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருகிறார்கள். நம் குவார்ட்டர்ஸ் தெரிகிற திருப்பம் வந்ததும் பத்தடி தள்ளி நடப்பார்களாம். எங்கள் மரியாதையைக் காப்பாற்றுகிறார்களாம்.

இப்போது யுத்தத்துக்கு வருகிறேன். நம் பெரிய தொரைக்கு ஒரு பைத்தியம் உண்டு என்று நீ சின்னப் பிள்ளையிலேயே கேள்விப்பட்டிருப்பாய். விரல் உயரத்துக்கு ஈயத்தில் செய்த சிப்பாய், குதிரை, யானை, தேர் என்று சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து, தானே பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை மற்ற எஸ்டேட் தொரைகள் கிளப்பில் கூடி, பில்லியர்ட்ஸ் மேஜையின் பச்சைத் துணிக்கு அடியில் புத்தகங்களைச் செருகி மலை செய்து, நீல ரிப்பனை ஆறு என்று வைத்து, பழங்காலத்து ராஜாக்களின் சண்டையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கி பீரங்கி கிடையாது, எல்லாம் வில்லும் ஈட்டியும்தான். படையை நகர்த்த அடிஸ்கேல், வெட்டுக்குத்துக்குப் பகடை. இந்த வருஷம் தொரைகளில் சிலர் மாற்றலாகிப் போய்விட்டதால் ஆள் குறைந்தது. ஸ்டாப்பில் இரண்டு பேர் வரட்டும் என்று பெரிய தொரை சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் யார் பெயர் என்று நான் எழுத வேண்டியதில்லை. எனக்கு விளையாட்டு தெரியாதே என்று இழுத்தேன். சும்மா சிநேகத்துக்கு ஆடறது கிளார்க், பயப்படாதே, யாரும் சாகமாட்டான் என்றார். சண்டை என்றால் ஏசுரத்தினத்துக்கு எதிராகவாவது நிறுத்துவார், ஈயத்திலாவது அவர் தேரை நொறுக்கலாம் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் இருவருக்கும் ஒரே படை. எதிரில் சின்ன தொரைகள் இரண்டு பேர் அலெக்சாண்டர், நாங்கள் இரண்டு பேர் போரஸ் ராஜா. வலது பக்கத்து யானைப்படை எனக்கு, இடது பக்கத்துத் தேரும் குதிரையும் அவருக்கு. போரஸ் தோற்றது பள்ளிக்கூடத்திலேயே படித்தது, அதனால் தோற்றாலும் சரித்திரப்படி சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இதில் தொரை ஒரு விதி வைத்தார். பழங்காலத்து யுத்தகளத்தில் போன் கிடையாது, ஆகவே ஒரே படையின் தளபதிகள் ஒருவரோடு ஒருவர் வாய்ப்பேச்சு பேசக் கூடாது, சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும், பேசினால் அந்தப் படை அவுட். சின்ன தொரைகளுக்கு இந்த விதி கஷ்டமாக இருந்தது, முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அதில் நாங்கள் நல்ல பழக்கத்தில் இருந்தோம். ஆட்டம் ஆரம்பித்ததும், தாங்கள் தேர்ப்படையை முன்னே செலுத்தினால் யானைப்படை பின்தொடரும் என்று எழுதிக் கொடுத்தேன். கிளப் பட்லர் ஆறுமுகசாமி வெள்ளை உடுப்போடு அதைத் தட்டில் ஏந்தி மேஜையைச் சுற்றிப் போய் அவரிடம் நீட்டினான். யானைதான் முதலில் போவது முறை, தங்கள் நகர்வுக்குக் காத்திருக்கிறேன் என்று பதில் வந்தது. நான் திரும்ப எழுதினேன். அவர் திரும்ப எழுதினார். அதற்குள் சின்ன தொரைகள் ஆற்றைத் தாண்டி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் குதிரையை விட்டு, மேயப் போகிறவர்கள் மாதிரி சாவகாசமாக உள்ளே வந்தார்கள். என் யானைகள் நின்ற இடத்தில் நின்றன. அவர் தேர்கள் நின்ற இடத்தில் நின்றன. உண்மையான போரசுக்கு மழைச் சேற்றில் தேர் புதைந்தது என்று தொரை கதை சொன்னார். எங்கள் சேறு வேறு.

பிறகு என் யானை மேல் அம்பு விழுந்தது என்று சொல்லி, பகடையை உருட்டு என்றார்கள். எதற்கு உருட்டுவது, எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தொரை ஆரம்பத்திலேயே இங்கிலீஷில் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் ஏசுரத்தினம் என்னைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறார். பகடையைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷம், உள்ளங்கையில் குலுக்கி நெற்றியில் தொட்டு உருட்டினேன். ஒற்றைப் புள்ளி. தாயம் என்று நான் கத்திவிட்டேன். அதே நேரத்தில் மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஏசுரத்தினமும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தாயம் என்று கத்தினார். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து என் பக்கம் வந்த முதல் சொல் அது. இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரிய ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊர்ப் பகடையில் ஒன்று விழுந்தால் யானை மிரண்டு திரும்பி ஓடும் என்பது விதியாம். தொரை அடிஸ்கேலை வைத்து அளந்து என் யானைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவை நேராக ஏசுரத்தினத்தின் தேர்ப்படைக்குள் புகுந்து மிதித்துத் துவம்சம் செய்துவிட்டன. அன்று முழுவதும் போரஸ் படை செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

அப்புறம் அவருக்குப் பொறுக்கவில்லை. என்னவே நல்லதம்பி, ஆனைய மிரளவுட்டுட்டு ஆன்னு பாத்துக்கிட்டு நிக்கீரு, எந் தேரு பூராம் நொறுங்கிட்டுல்லா என்றார். நான் சும்மா இருப்பேனா? ஆத்தங்கரையில தேரைக் கட்டிப்போட்டுக்கிட்டு நிக்கச் சொன்னது யாருவே, முன்னால ஏறிப் போக வேண்டியதுதான என்றேன். நீரு ஒரு எட்டு எடுத்து வச்சிருந்தா நானும் வந்திருப்பேம்லா, நீரு வருவீரு வருவீருன்னுதான் இம்புட்டு நேரமும் நின்னேன் என்றார். அவர் சொன்னது யானையைத்தான். அதற்குள் தொரை விசில் ஊதினார். கிளார்க், டீ மேக்கர், ரெண்டு பேரும் வாய் பேசியாச்சு, போரஸ் படை அவுட் என்றார். பேசாமல் இருந்தவரைக்கும் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பேசின அன்றைக்குத் தண்டனை. பரிசு கொடுக்கும்போது எங்களையும் கூப்பிட்டு, ஓடிப்போன யானைகளில் தந்தம் ஒடிந்த ஒன்றைப் பொதுவாக இரண்டு பேருக்கும் கொடுத்தார். சின்ன தொரைகள் கை தட்டினார்கள்.

பொதுவாகக் கொடுத்ததுதான் வம்பாகப் போயிற்று. யானை யார் வீட்டுக்குப் போவது? என் படை யானை என்றேன், மிதிபட்டது என் தேர், நஷ்டஈடு எனக்கு என்றார். கிளப்பிலிருந்து இறக்கம் முழுக்க அதே வழக்கு. அவர் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் அவர் திரும்பவில்லை, பேச்சு வேகத்தில் நம் வாசல்வரை வந்துவிட்டார். உன் அம்மா கதவைத் திறந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. வாங்கண்ணே, நின்னுக்கிட்டே சண்டை போட்டா கால் வலிக்கும், உள்ள உக்காந்து போடுங்க என்றாள். டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, இது என்ன தூளு, எந்த பாக்டரி குப்பை என்று கேட்டார். உம்ம பாக்டரிதான் வே, ஸ்டாப்புக்குக் கொடுக்கிறது என்றேன். பிறகு மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

உன் அம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் எல்லாம் தயாராக இருந்தது. உன் கடிதம் வந்த நாளிலிருந்தே தயாராக இருந்திருக்கிறது, சந்தைக்குச் சந்தை பழத்தையும் வெற்றிலையையும் மட்டும் மாற்றியிருக்கிறாள். வாராவாரம் எனக்குக் கனிந்த வாழைப்பழம் தவறாமல் கிடைத்த ரகசியம் அன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணே, எங்க வேலுத்தாயப் பேறுகாலத்துக்கு அனுப்பி வைங்க என்று தட்டை நீட்டினாள், நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் ஒரு ஓரத்தைப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் தட்டு சாய்ந்துவிடும் என்பதால்தான் பிடித்தேன். வாங்காவிட்டால் பழம் கீழே விழுந்துவிடும் என்பதால்தான் அவரும் வாங்கினார். உண்மையை எழுதுகிறேன், அப்போது எனக்கு உன் நினைப்புத்தான். இத்தனை நாள் நீ எங்கள் இருவருக்கும் நடுவில் காலி இடத்தில் நின்றிருக்கிறாய்.

இதை நான் இறங்கி வந்ததாக எடுத்துக்கொள்ளாதே. அவர்தான் நம் படியேறி வந்தார், ஆகவே முதலில் வந்தது அவர், ஜெயித்தது நான். தட்டைக் கொடுத்துக் கேட்டது நீங்கள், ஆகவே ஜெயித்தது நான் என்று அவர் பாக்டரியில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். உன்னை அழைத்துவர யார் வருவது என்று அடுத்த வழக்கு வந்தது. இரண்டு பேருமே வருவதென்று உங்கள் அம்மாமார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம். திரும்பும்போது மெட்ராசிலும் மதுரையிலும் வண்டி மாறி, போடியில் இறங்கி, அங்கிருந்து உனக்காகத் தனிக் கார் பேசியிருக்கிறது. மலை வளைவில் பஸ் குலுக்கல் உனக்கு ஆகாது. ரயிலில் மூன்று ராத்திரி நாங்கள் என்ன செய்வது என்று தாயக்கட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை ஆசீர்வாதத்துக்கு லீவு கிடைத்தால் அவரையும் வரச்சொல், கிடைக்காவிட்டால் பிள்ளை பிறந்ததும் வரட்டும். மாப்பிள்ளை என்று எழுதியிருப்பதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படியுங்கள் என்றாள்.

யானை இப்போது ரேடியோ மேல் நிற்கிறது, பேரனோ பேத்தியோ வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வழக்கை முடித்துவிட்டோம். ஈயம், வாயில் வைக்க விடக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள். கம்பளிச் சால்வையைக் கையோடு எடுத்துக்கொள், பெட்டியை நீ தூக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனமார வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சோ. நல்லதம்பி

மருமகளுக்கு மாமா எழுதுவது. உன் அப்பா எழுதியதை முழுவதும் வாசித்தேன். யார் ஜெயித்தது என்பதில் மட்டும் பொய் இருக்கிறது, மற்றதெல்லாம் சரி. கர்த்தர் துணை. நீ அங்கே ஒரு எட்டும் எடுத்து வைக்க வேண்டாம் தாயி, நாங்கள் வருகிறோம்.
ஏசுரத்தினம்