மேகத்துக்குள் அவர் முகம்

ஆவணி, இரண்டாம் வெள்ளி

மகள் சுகந்தியின் கல்யாண வீடியோவைப் பார்க்க இன்று நானும் அவளும் மாத்தளை டவுன் ஸ்டூடியோவுக்குப் போனோம். தாலி கட்டும் இடத்தில் மணவறைக்கு மேலே வெள்ளை மேகம் படர்ந்தது. அதற்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் முகம் மெல்லத் தெளிந்து வந்து, பொண்ணு மாப்பிள்ளை இருவர் மேலும் படிந்து, கரைந்து போனது. செத்துப்போன தகப்பன்மாருக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

அவர் கத்தாருக்குப் போய் ஒன்பது வருடம். கடைசி ஆறு வருடமாக ஒரு போன்கூட இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"யாரு இப்படிப் போடச் சொன்னது?" என்றேன்.

வீடியோகாரர் பதறிப்போனார். "தங்கச்சிதான் போட்டோ கொண்டாந்து குடுத்தாங்க அக்கா."

"நாந்தாம்மா குடுத்தேன்," என்றாள் சுகந்தி. "இன்னும் எத்தன வருஷத்துக்கு ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

"அத எடுத்துருங்க தம்பி. அவரு உசுரோட இருக்காரு."

"எடுத்துடலாம் அக்கா. ஆனா எடுத்துட்டா, கல்யாணத்துல அப்பா எங்கயுமே வரமாட்டாரே."

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் சுகந்தி என் கையைப் பிடித்தாள்.

சாயங்காலம் விளக்கேற்றினேன். அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர் தாயே என்று தினமும் வேண்டுவதுதான். இன்று வாய் வரவில்லை. அம்மன் படத்தைப் பார்த்தால் அதன் மேலும் அவர் முகமே வந்து படிந்தது. கண்ணை மூடினாலும் போகவில்லை.

குங்குமம் வைத்துக்கொண்டேன். முகம் இருக்கட்டும் என்று நாளைக்கு நானே என் வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் இந்தக் குங்குமத்தை எப்படி வைத்துக்கொள்வேன்?