பாஸ்போர்ட்டில் இல்லாத துருக்கி

தூத்துக்குடி
9-2-2025, ஞாயிறு

அன்பு மகன் பெவினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால இங்கன மூச்சு சரியா ஓடுது, முட்டிதான் ஓட மாட்டேங்குது. நீயும் மருமக ரேச்சலும் பேத்தி ஜெப்ஸியும் அந்தக் குளிர்ல சுகமா இருக்கியளா. ரேச்சல் அனுப்பின கம்பளி சாக்ஸ் வந்து சேந்துச்சு, தூத்துக்குடி வெயிலுக்கு இதைப் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் எனக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு நெனப்பான், ஆனாலும் இன்னைக்குக் காலையில கோயில் ஆராதனைக்கு ஷூவுக்குள்ள போட்டுட்டுத்தான் போனேன், அவகிட்ட சொல்லு, சந்தோசப்படுவா. என்னடா இது, கையில போன் இருக்கும்போது அப்பா பேப்பரும் பேனாவும் எடுத்திருக்காருன்னு நீ யோசிப்ப. போன வாரம் நீ வீடியோவுல வந்த மூணு தடவையும் சொல்லிரணும்னுதான் உக்காந்தேன், நீ சிரிச்சுக்கிட்டே என்னப்பா சாப்பிட்டாச்சான்னு கேட்டதும் ஆச்சு ஐயான்னு சொல்லி வச்சிட்டேன். பேப்பருக்கு முகம் கிடையாது, அதான் எழுதுதேன். முழுசா வாசிச்சிட்டு அப்புறமா கோவப்படு, பாதியில தூக்கி எறிஞ்சிராத.

பழைய பாஸ்போர்ட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, ஜெப்ஸி உங்க சீல் எல்லாத்தையும் ஆல்பத்துல ஒட்டணும்னு சொல்லுதான்னு நீ கேட்டு மூணு வாரம் ஆச்சு. நானும் தேடுதேன் தேடுதேன்னு நாளக் கடத்திட்டேன். தேட என்ன இருக்கு, அம்மா பீரோவுல ரெண்டாவது தட்டுல அவ கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்துலதான் அது கெடக்கு. இதோட ஜெராக்ஸ் வச்சிருக்கேன், ஒவ்வொரு பக்கமாப் பாரு. பம்பாய் சீல் இருக்கும், சவூதியில எறங்குனது ஏறுனது இருக்கும், மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை. ஜோர்டான் கிடையாது, சிரியா கிடையாது, துருக்கி கிடையாது. மை அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிராத ஐயா. நான் போகல. உங்க அப்பா ஒரு நாளும் துருக்கிக்குப் போனதில்ல, பனி பெய்யுறதைக் கண்ணால கண்டதில்ல, தம்மாம்ல நாங்க இருந்த கேம்பைச் சுத்தி முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு வண்டியும் ஓட்டினதில்ல. நீ என்னடான்னா ஈஸ்டர் லீவுக்கு எனக்கும் சேத்து துருக்கிக்கு டிக்கெட் போட்டு, அப்பா லாரி ஓட்டின மலை ரோட்டுல அப்பாவை முன் சீட்டுல உக்கார வச்சு நான் ஓட்டப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்க. இனியும் வாய மூடிக்கிட்டு இருந்தா நான் மனுசனே இல்ல.

நடந்ததைச் சொல்லுதேன். சவூதிக்குப் போறதுக்கு முன்னால நான் நல்ல டிரைவர், அதுல பொய் கிடையாது. ஹார்பர்ல இருந்து உப்பு ஏத்திக்கிட்டு கல்கத்தா வரைக்கும் அந்தப் பழைய டாட்டா பென்ஸ்ல போயிருக்கேன், பவர் ஸ்டியரிங் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஒரு வளைவு திரும்புனா தோள்பட்டை கழண்டுரும், உப்புக் காத்துல கதவு துருப்பிடிச்சு ஓட்டை வழியா ரோடு தெரியும், அந்த வண்டியில நான் ராசா. ஆனா உங்க நாசரேத் தாத்தா வாத்தியாராச்சே, லாரிக்காரனுக்கா என் பொண்ணுன்னு கல்யாணத்தன்னைக்கே முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தார், அவர் முன்னால ஆளாகிக் காட்டணும்னுதான் எண்பத்திரெண்டுல நானும் என் சேக்காளி சங்கரபாண்டியனும் ஒண்ணா பிளேன் ஏறினோம். அங்கன போனா கம்பெனியில ட்ரெய்லர் டெஸ்ட் வச்சான். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினா பின்னாடி அந்தப் பக்கம் போகும், நம்ம லாரிக்கு நேர் எதிர். எனக்கு அது கைக்கு வரவே இல்ல. வரிசையா நிக்க வச்சிருந்த டிரம்மை மூணு நாளும் இடிச்சேன். சங்கரபாண்டியன் மொத நாளே நூல் பிடிச்ச மாதிரி உள்ள விட்டுட்டான். அவனுக்கு மூக்கு நீண்ட பென்ஸ் ட்ரெய்லரைக் கொடுத்து எண்ணெய்க் குழாய் ஓரமா வடக்க போற டாப்லைன் ரோட்டுல ஜோர்டான், சிரியா, துருக்கின்னு அனுப்பினான். எனக்குக் கொடுத்தது கேம்புக் கக்கூஸ் தொட்டியை உறிஞ்சிக்கிட்டுப் போய் பாலைவனத்துல கொட்டுற டேங்கர். அஞ்சு வருசம் அதைத்தான் ஓட்டினேன். நம்ம ஊர்க்காரனுவளே மெஸ்ஸுல நான் உக்காந்தா தட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிருவான், சங்கரபாண்டியன் ஒருத்தன்தான் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான்.

அப்போ நீ ரெண்டாங் கிளாஸ். அம்மா அனுப்பின கேசட்டுல நீ பேசியிருந்த, அப்பா நீங்க என்ன வண்டி ஓட்டுறீங்க, எங்க சார் கேக்காங்கன்னு. வெள்ளிக்கிழமை லீவு, ரூம்ல டேப் ரெக்கார்டரை முன்னால வச்சிக்கிட்டு நான் முழிக்கேன். சங்கரபாண்டியன் துருக்கியில இருந்து எலுமிச்சம்பழம் ஏத்திக்கிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தான், எதுத்த கட்டில்ல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருந்தான். நான் பட்டனை அமுக்கி, மக்கா, அப்பா பென்ஸ் ட்ரெய்லர் ஓட்டுதேன், துருக்கிக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லிட்டேன். அவன் நிமிந்து பாத்தான், வெளிய எந்திரிச்சுப் போனான். கோவிச்சிட்டுப் போறான்னுதான் நெனச்சேன், பாத்தா அவன் போய் வண்டியில ஏறி ஹாரனை நல்லா நீட்டி ரெண்டு தடவ அடிக்கான். நீ இன்னைக்கும் சிலாகிச்சுச் சொல்லுவியே அந்தக் கேசட்டு ஹாரன், அது அவன் அடிச்சது. திரும்பி வந்து, எனக்கு யாருல இருக்கா கேக்க, ஒன் மவனாவது கேக்கட்டும்னு சொன்னான். அப்போ அவனுக்குக் கல்யாணம் ஆகல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சு வந்ததும் அவன் சொல்லுவான், நான் கேட்டுக்கிடுவேன், வெள்ளிக்கிழமை அதை நான் போன மாதிரி ரெக்கார்டு பண்ணுவேன். பனி மூடின கணவாய்ல ரெண்டு நாள் வண்டி நின்னது, எவனோ ஒரு துருக்கிக்காரக் கெழவன் சூடா சூப்பு கொண்டாந்து கொடுத்தது, பார்டர்ல பதினோரு மணி நேரம் வரிசையில கெடந்தது, எல்லாம் அவன் பட்ட பாடு. நீ மேப் வாங்கி சுவத்துல ஒட்டி குண்டூசி குத்துனன்னு அம்மா எழுதினப்போ எனக்கு அழுகை வந்துட்டு. நிறுத்திரணும்னு நெனச்சேன். நிறுத்தல.

எண்பத்தேழுல ரெண்டு பேரும் முடிச்சிட்டு ஊருக்கு வந்தோம். நம்ம வீட்டுல அவனுக்குச் சாப்பாடு. அம்மா சீலா மீன் குழம்பு ஊத்திக்கிட்டே, அண்ணாச்சி நீங்களும் இவங்ககூட துருக்கிக்கெல்லாம் போயிருக்கியளான்னு கேட்டுட்டா. என் கையில சோறு உருண்டை அப்படியே நிக்குது. அவன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, இல்லம்மா, நமக்கு அந்தக் கொடுப்பினை எங்க, நான் கேம்புக்குள்ள கக்கூஸ் டேங்கர்தான், இவந்தான் தூரா தொலையெல்லாம் போவான்னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டு துண்டு போடுங்கன்னு தட்டை நீட்டினான். அம்மா பாவம், ஐயோ கேட்டிருக்கக் கூடாதேன்னு நாக்கைக் கடிச்சா. ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான், ஆனா அது அப்படியே ஊர்ல நின்னு போச்சு. அவன் கல்யாணத்துலயும் அதான் பேச்சு, பிள்ளைகள் பொறந்தப்பவும் அதான். நாங்க ரிட்டையர் ஆனப்புறம் ஹார்பர் ரோட்டுல எடைமேடைக்கு எதுத்த டீக்கடையில பழைய டிரைவர்மார் அஞ்சாறு பேர் சாயங்காலம் கூடுவோமே, நீயும் லீவுல வந்து உக்காந்திருக்க. அங்கன நான்தான் பெரிய கதைக்காரன். ஒரு நாள் ஒருத்தர், பனிக்குச் சங்கிலி மாட்டுவீங்களே அது முன் டயர்லயா பின் டயர்லயான்னு கேட்டார், எனக்கு எங்க தெரியும். சங்கரபாண்டியன் டீயை ஊதிக்கிட்டே, பின் டயர்லதான், நீதானலே சொன்னன்னு என்னைப் பாத்துச் சொன்னான். இருபது வருசம் அந்தப் பெஞ்சுல உக்காந்து தன் கதையை என் வாயால கேட்டுக்கிட்டு இருந்தான் அந்தப் பாவி மனுசன். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, போதும்லே நிறுத்துன்னு அவன் சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்.

டிசம்பர்ல அவன் போனதை உனக்குப் போன்ல சொன்னேன், மத்ததைச் சொல்லல. பதினாறாம் நாள் விசேசத்துக்கு இங்க பக்கத்துப் புதுக்கோட்டையில அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மக அனுசியா தெரியும்லா, உன்னைவிட பதிமூணு வயசு இளையவ, மதுரையில பேங்குல இருக்கா. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்தா. மாமா, அப்பா அங்க என்ன கஷ்டப்பட்டாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கேட்டா கிருபா மாமாகிட்ட கேளு, ஊரைச் சுத்தினவன் அவன்தானேன்னு சிரிப்பாங்கன்னு சொன்னா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சின்னப் பிள்ளையில அப்பாவோட அந்த டேங்கர் வேலையை நெனச்சு எனக்கு வெக்கமா இருக்கும் மாமா, பள்ளிக்கூடத்துல யாரும் கேட்டா எங்க அப்பா சவூதிக்கே போகலன்னு சொல்லிருவேன், இப்ப அதை நெனச்சாத்தான் வெக்கமா இருக்குன்னு அழுதா. பெவின், அந்தப் பிள்ளை வெக்கப்பட்டது என் வேலைக்கு. நீ நெஞ்சை நிமித்துனது அவ அப்பன் வேலைக்கு. நான் அவ தலையில கையை வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அன்னையிலிருந்து எனக்குச் சோறு எறங்கல. டீக்கடைக்குப் போனா அந்தப் பழைய கூட்டத்துல இப்போ நானும் இன்னொருத்தரும்தான் மிச்சம், அவருக்கும் காது கேக்காது. கண்டெய்னர் வண்டி வரிசையா நிக்குது, சின்னப் பயலுவ ஏசி கேபின்ல உக்காந்து போன் பாக்கான், ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல, கேட்டாலும் நான் இனி என்னத்தைச் சொல்ல.

நேத்து சனிக்கிழமை பஸ் பிடிச்சு மறுபடியும் புதுக்கோட்டைக்குப் போனேன். அனுசியா லீவுக்கு அவ அம்மாகூட இருக்க வந்திருந்தா. உக்காரு பிள்ளைன்னு சொல்லி, மூச்சு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா, குழாய்த் தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. இனி இந்த வீட்டு வாசல்ல கால் வைக்காதீங்கன்னு சொல்லப் போறான்னு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். முகம் கழுவிட்டு வந்து என் முன்னால தரையில உக்காந்தா. எங்ககிட்ட கூட அப்பா ஏன் மாமா சொல்லலன்னு கேட்டா, எனக்கும் தெரியலம்மான்னேன். அப்போ முதல்ல இருந்து சொல்லுங்க, எங்க அப்பா எங்கெல்லாம் போனாங்கன்னு கேட்டா. சொன்னேன். நாப்பது வருசமா நான் போனேன் நான் போனேன்னு சொன்ன வாய், ஒங்க அப்பா போனான்னு சொல்ல முதல்ல தடுமாறிச்சு, அப்புறம் வந்துட்டு. அவன் பொண்டாட்டியும் வந்து நிலையைப் பிடிச்சிக்கிட்டு நின்னு கேட்டா. மன்னிச்சேன்னு ரெண்டு பேரும் சொல்லல. நானும் கேக்கல.

இப்போ உன்கிட்ட கேக்க வேண்டியது. ஜெப்ஸி கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்க கேசட்டு எல்லாத்தையும் அனுசியாவுக்கு அனுப்பு, நம்பர் பின்னால எழுதியிருக்கேன். கொரல் என்னோடதுதான், ஆனா ரோடு அவ அப்பனோடது. அப்புறம் அந்த டிக்கெட்டுல என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட முடியுமான்னு பாரு, முடியாதுன்னா எப்படியாவது அவளைக் கூட்டிட்டுப் போ. அந்த மலை ரோட்டைப் பாக்க வேண்டியவ அவ. அவகிட்ட இன்னும் நான் சொல்லல, நீ சம்மதிச்சாத்தான் சொல்லணும். எனக்கு ஆசை இல்லன்னு நெனச்சிராத. நீ காலேஜ் போனதுல இருந்து உன்கூட சேந்தாப்புல ரெண்டு வாரம் இருந்ததே கிடையாது, காலண்டர்ல நாள் எண்ணிக்கிட்டுத்தான் கெடந்தேன். ஆனா அவன் சீட்டுல ஒரு தடவ உக்காந்தது போதும். அம்மா இது தெரியாமலே போய்ச் சேந்துட்டா, இல்ல தெரிஞ்சும் கேக்காம விட்டாளோ, வாத்தியார் மகளாச்சே, எனக்கு அது இனி தெரியப் போறதில்ல. ஜெப்ஸிகிட்ட நீயே சொல்லிரு, அதுக்கு மட்டும் எனக்குத் தைரியம் இல்ல.

ரேச்சலுக்கு முதுகு வலி எப்படி இருக்கு, குனிஞ்சு பாரம் தூக்க விடாத. நீ காப்பியைக் கொறை. மாத்திரை நான் ஒழுங்காப் போடுதேன், வருகிற வியாழன் டாக்டர்கிட்ட போகணும். கர்த்தர் உங்க மூணு பேர் போக்கையும் வரத்தையும் காத்து, எந்தக் கொறையும் இல்லாம வைக்கணும்னு தினமும் முழங்கால் வலிக்க வலிக்க ஜெபம் பண்ணுதேன். உனக்குக் கோவம் வரும், வரட்டும், தீர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். தீந்ததும் ஒரு தடவ கூப்பிடு. பெருசா ஒண்ணும் பேச வேண்டாம், சாப்பிட்டியளாப்பான்னு கேளு, அது போதும்.

இப்படிக்கு
உன்கிட்ட இப்பதான் உண்மை சொன்ன அப்பா
த. கிருபாநிதி