கரையில் கூப்பிட்ட பங்கு

அன்புள்ள அர்ச்சனாவுக்கு,

உங்க அப்பா பேரைக் கரையில் பங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் கண்ணு, ஊரே கேட்டது, போனில் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் திடமாக இருக்கிறேன், தோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும், இருமல் விட்டதா.

நம் ஊர் பனித்திட்டுக்கு எதிரே கடலில் எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்திருப்பதும், ஊர் சம்மதம் கேட்பதும் உனக்குத் தெரியும். கிணற்று வருமானத்தைக் கம்பெனியும் அரசாங்கமும் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மீன் கூடையை இறக்கி வைத்தால் அடுத்த வேலை அதுதான். ஊர்த்தலைவர் அரிகரன் அண்ணன், "ஆதிலட்சுமி, அத்தயெல்லாம் எங்களுக்கும் புரியறாப்ல சொல்லு" என்று கேட்டார். நானும் காலையில் வந்த மத்தியைக் கரையிலேயே கூறு போட்டுக் காட்டினேன். பழைய ஒப்பந்தத்தில் தோண்டின செலவைக் கம்பெனி முதலில் எடுத்துக்கொள்ளும், மீதியில்தான் அரசாங்கத்துக்குப் பங்கு, நம் படகில் டீசலும் ஐஸும் கழித்துவிட்டுப் பங்கு போடுவது போல என்றேன். செங்கமலம் உடனே, "டீசல் கணக்க அவனே எழுதிப்பான், நமக்கு செவுளும் வாலுமாடி" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். இப்போது வரும் ஒப்பந்தங்களில் செலவு அவர்கள் பாடு, விற்ற காசில் அரசாங்கத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுகிறார்கள், நிலத்தில் எடுத்தால் ராயல்டி மாநிலத்துக்கு, கடலில் எடுத்தால் டெல்லிக்கு என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கூறாக வைத்தேன். "அப்போ ஊருக்கு இன்னா" என்றார் அண்ணன். கடைசியில் சின்னதாக ஒரு கூறு வைத்து, இதை நாம் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். கம்பெனி ஆபீசர் ஜெயசீலன் அங்கேதான் நின்றிருந்தார், நல்ல மனுஷன். "அக்கா, சட்டத்துல அப்படி ஒரு பங்கே கிடையாது, வேணும்னா பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கித் தருவோம்" என்று சிரித்தார்.

அப்படியானால் எங்கள் வழக்கப்படி நீங்களே பேர் கூப்பிடுங்கள் என்று அவரைப் பிடித்து நிறுத்தினோம். நம் வழக்கம் உனக்குத் தெரியும், கூறைப் பார்க்காமல் ஒருவர் திரும்பி நிற்பார், இன்னொருவர் தொட்டு இது யாருக்கு என்பார், நிற்பவர் பேர் சொல்வார். ஆனால் பேர் சொல்பவர் ஊரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், கடலைப் பார்த்து நின்றால் கடலில் போனவர்களும் பங்கு கேட்பார்கள் என்பார்கள். வீடியோ எடுக்க முகத்தில் வெளிச்சம் வேண்டுமே என்று நான்தான் கண்ணு அவரைக் கடலைப் பார்த்துத் திருப்பினேன். அது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பெனிக்கு, டெல்லிக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் சின்னக் கூறைத் தொட்டு இது யாருக்கு என்றதும், மணவாளனுக்கு என்று கேட்டது.

ஜெயசீலன் நம் ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சுனாமியில் போய் உடம்பு கூடக் கிடைக்காத உன் அப்பா பேரை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள். அவர் வெளுத்துப்போய், "ஊருக்குன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள யாரோ சொல்லிட்டாங்க" என்றார். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் அவர் உதடு அசையவே இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய், உனக்கு அந்தக் குரல் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்று நாளாகியும் அந்தக் கூறு மணலில் அப்படியே கிடக்கிறது. நாற்றம் இல்லை, காக்கை இறங்கவில்லை, நாய் சுற்றிக்கொண்டு போகிறது. பேர் கூப்பிட்ட பங்கை அவரோ அவர் பிள்ளையோதான் எடுக்க வேண்டும், வேண்டாம் என்றாலும் அவர்கள் வாயால்தான் சொல்ல வேண்டும். நீ எடுத்தால் மணவாளனே சம்மதித்தான் என்று ஊர் கையெழுத்துப் போடும், நீ மறுத்தால் போடாது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. "அர்ச்சனாவ வரச் சொல்லு, மணவாளனே கேட்டுப்புட்டான், அப்புறம் இன்னா யோசனை" என்கிறார் அண்ணன்.

ஊருக்குப் பங்கு வேண்டும் என்று எல்லோரையும் விடக் கத்தினவள் நான்தான். ஆனால் நேற்றிலிருந்து ஒன்றே ஓடுகிறது. நம் கரையில் ஒரு படகின் பங்கை எடுத்தவர் அந்தப் படகின் ஆள், அடுத்த முறை அது கிளம்பும்போது அவரும் ஏற வேண்டும். உன் அப்பா கேட்டது மீனா, ஆளா என்று எனக்குத் தெரியவில்லை. கிணறும் வேண்டாம், பங்கும் வேண்டாம், நீ வராதே. வேண்டாம் என்று உன் வாயால் போனில் பேசிப் பதிந்து அனுப்பு, கூட்டத்தில் எல்லோரும் கேட்கப் போட்டுக் காட்டுகிறேன். உன்னோடு வேலை செய்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு பேசு, தனியாகப் பேசாதே.

நூறு வயசு நல்லா இரு தாயி. ஒன்று மட்டும் மறக்காதே, பேசும்போது பேரைச் சொல், அப்பா என்று சொல்லாதே. அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் எழுந்து வந்துவிடுவார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா
ஆதிலட்சுமி